வலியை மறைத்து ஓடும் தம்பிக்கு

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 19 வயது. டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன். அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறேன். ராணுவத்தில் இருப்பதிலேயே கடினமான பணி எது? சேர்ந்தால் அதில்தான் சேர வேண்டும் என்று இருக்கிறேன். பாரா எஸ்.எஃப்., மார்கோஸ் போன்ற கமாண்டோ படைகள் பற்றி நிறைய வீடியோ பார்த்திருக்கிறேன். 1,600 மீட்டரை இப்போது 5 நிமிடம் 50 விநாடியில் ஓடுகிறேன். இரண்டு வாரமாக இடது காலின் முன்னெலும்பில் வலி இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இதைக்கூடத் தாங்க முடியாதவன் ராணுவத்துக்குப் போய் என்ன பிரயோஜனம்? அப்பா இல்லை. அம்மா வேண்டாம் என்கிறார். மாமா, "போனால் கிளார்க்காகப் போ" என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று வழி சொல்லுங்கள்.

தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் பெரிதாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, காலில் வலி, யாரிடமும் சொல்லவில்லை என்று, அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வுபெற்றவன் நான். அந்த ஒரு வரியை வெவ்வேறு முகங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் "பாரா எஸ்.எஃப்." என்று டிக் செய்ய ஒரு கட்டம் கிடையாது. ஜெனரல் டியூட்டி, டெக்னிக்கல், கிளார்க், டிரேட்ஸ்மேன் என்று பிரிவுகள்தான் இருக்கும். முதலில் கணினியில் எழுத்துத் தேர்வு. அதைத் தமிழிலேயே எழுதும் வசதி வந்துவிட்டது. அதில் தேறினால் மைதானத்தில் ஓட்டம், புல்-அப்ஸ், 9 அடிப் பள்ளம் தாண்டுவது, அப்புறம் மருத்துவப் பரிசோதனை. எந்த ரெஜிமென்ட் என்பதை ராணுவம் முடிவு செய்யும். அதன்பிறகு உங்கள் ஆசை, உடம்பு, பயிற்சியில் நீங்கள் நடந்துகொள்ளும் விதம், அந்த வருடம் எங்கே ஆள் தேவை என்பது எல்லாம் சேர்ந்துதான் நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள் என்பது தெரியும். ஆகவே "கடினமானதைத்தான் எடுப்பேன்" என்பது இன்றைக்கு உங்கள் கையில் இல்லை. எதற்கும் தயாராக இருப்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

பிரிவின் பெயரை வைத்தும் கஷ்டத்தை அளக்க முடியாது. 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு மோதி உயிர்விட்ட 20 பேரில் நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். அவர் எந்தப் படை தெரியுமா? பீரங்கிப் படை. பல கிலோமீட்டர் தள்ளி நின்று குண்டு வீசும் பிரிவு என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அந்த இரவில் பீரங்கிக்கு வேலையே இல்லை. கல்லும் இரும்புத் தடியுமாக, கைக்குக் கை நடந்த சண்டை அது. அவருக்கு வீர் சக்ரா விருது அவர் மறைவுக்குப் பிறகு அறிவிக்கப்பட்டது. சேரும்போது அவர் கேட்டு வாங்கிய கஷ்டம் அல்ல அது. இருந்த இடத்துக்கு வந்தது, அவர் நின்றார்.

சரி, நீங்கள் கேட்ட பாரா எஸ்.எஃப்.-க்கு வருகிறேன். அங்கே போக இரண்டு வழி. நேரடியாகப் பாராசூட் ரெஜிமென்டுக்கு ஆள் எடுப்பது ஒன்று. வேறு ரெஜிமென்டில் இருந்துகொண்டு, தானாக விருப்பம் தெரிவித்துப் போவது இன்னொன்று. இரண்டிலும் புரொபேஷன் என்ற தகுதிகாண் காலத்தைத் தாண்ட வேண்டும். எடையைச் சுமந்துகொண்டு நீண்ட தூர ஓட்டம், தூக்கமில்லாத இரவுகள், பசி, அதற்கு நடுவே வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது, திடீரென்று எழுப்பி நேற்று பார்த்த பொருள்களை வரிசையாகச் சொல்லச் சொல்வது. போனவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வந்துவிடுவார்கள். ஆக்ராவில் ஐந்து முறை விமானத்திலிருந்து குதித்தால் பாராசூட் சின்னம் கிடைக்கும். ஆனால் அந்தக் குதித்தல் இந்தக் கதையில் ஒரு சின்னப் பகுதிதான். மார்கோஸ் என்பது கடற்படையின் கமாண்டோ படை, 1987-ல் தொடங்கியது. அதற்கு நீங்கள் கடற்படையில் சேர்ந்திருக்க வேண்டும். தரைப்படைக்கு விண்ணப்பித்துவிட்டு மார்கோஸ் கனவு காண்பதில் பொருளில்லை. இரண்டுக்கும் விண்ணப்பம் வேறு, தேர்வு வேறு.

இவற்றைப் பற்றி இதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை. வீடியோக்களில் நிறைய இருக்கிறது, நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். வீடியோவில் வராத சிலவற்றைச் சொல்கிறேன்.

நான் அருகிலிருந்து பார்த்ததில் மிகக் கடினமானது லடாக்கில் இருக்கும் சியாச்சின் பனியாறு. 1984 ஏப்ரல் 13-ல் நம் படை அந்தப் பனியாற்றின் உச்சிகளுக்கு ஏறியது. அன்றிலிருந்து இறங்கவில்லை. 2003 நவம்பரில் சண்டை நிறுத்தம் வந்தபிறகும் அங்கே உயிர்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. குண்டு பட்டு இறந்தவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் காற்றில் பிராணவாயு குறைந்ததாலும் இறந்தவர்களே அதிகம். அங்கே போகிறவர்கள் தனிப்படை வீரர்கள் இல்லை, தம்பி. சாதாரண காலாட்படை பட்டாலியன்கள்தான் முறைவைத்துப் போகின்றன. நாளைக்கு நீங்கள் ஜெனரல் டியூட்டியில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டுக்குப் போனால், வெலிங்டனில் பயிற்சி முடித்த கையோடு உங்கள் பட்டாலியனின் முறை வந்தால், உங்களுக்கும் அதே பனிதான்.

மேலே போவதற்கு முன் உடம்பைப் பழக்குவார்கள். 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னும் நான்கு நாள். எவ்வளவு பெரிய பயில்வானாக இருந்தாலும் இதில் ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது. நுரையீரலுக்குப் பதக்கம் தெரியாது. அப்புறம் மேலே போனால், மைனஸ் 40, 50 வரைகூட இறங்கும் குளிர். பசி எடுக்காது. நன்றாகச் சாப்பிடுகிற பையன்கூட இரண்டு கவளத்தில் தட்டைத் தள்ளிவிடுவான். தூக்கம் வராது, வந்தால் மூச்சு முட்டி எழுந்துவிடுவான். மண்ணெண்ணெய் அடுப்புப் புகையில் துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். வெறும் கையால் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். இதில் சண்டை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சண்டை இல்லை. மூன்று மாதம் வரைகூட அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுதான் பலரை உடைக்கிறது.

அங்கே ஒரு போஸ்டில், அதாவது காவல் முகாமில், நடந்ததைச் சொல்கிறேன். பெயர், யூனிட் வேண்டாம். 22 வயதுப் பையன். நம்ம ஊர்ப் பக்கம்தான். ஓட்டத்தில் எப்போதும் முதலில் வருவான். வந்த மூன்றாவது நாள் காலையில் அவன் தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்ல சார், தூக்கம் சரியில்ல" என்றான். மதியம் நடக்கும்போது ஒரு பக்கமாகத் தள்ளாடினான். கேட்டால் மறுபடியும் "ஒண்ணுமில்ல". சாயந்திரம் வாந்தி. அதைப் பனியில் மூடிவிட்டு வந்திருக்கிறான், யாரும் பார்க்கக் கூடாது என்று. இரவு பத்து மணிக்கு அவன் பேச்சு குழறியபோதுதான் கூட இருந்தவன் என்னைக் கூப்பிட்டான். மூளையில் நீர் கோத்துவிட்டது. ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, காற்றழுத்தம் ஏற்றும் பையில் படுக்க வைத்து, இரவு முழுக்க இன்னொருவரோடு மாறிமாறி அந்தப் பையின் பம்பை மிதித்துக்கொண்டிருந்தோம். விடிந்ததும் ஹெலிகாப்டர் வர முடிந்தது. அது எங்கள் அதிர்ஷ்டம். காற்று கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் வந்திருக்காது. பையன் பிழைத்தான்.

பிறகு ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தபோது கேட்டேன், காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று. "தலைவலிக்கே கீழ இறக்கிட்டாங்கன்னு சொல்வாங்களேன்னுதான் சார்" என்றான். காலையிலேயே சொல்லியிருந்தால் தன் காலாலேயே கீழே நடந்து இறங்கியிருப்பான். ஒருவனைக் காப்பாற்ற ஆறு பேர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்திருக்காது. அந்த ஹெலிகாப்டரை ஓட்டிவந்தவருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

இப்போது உங்கள் கால் வலி வரியை நான் ஏன் மூன்று முறை படித்தேன் என்று புரிகிறதா?

சியாச்சினைப் பற்றிப் பேசும்போது 2016 பிப்ரவரி 3-ஐச் சொல்லாமல் போக முடியாது. சோனம் போஸ்ட், சுமார் 19,600 அடி. 19-வது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் மேல் ஒரு பனிச்சுவரே இடிந்து விழுந்தது. அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்துப் பனிக்கடியிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டார். நாடே கும்பிட்டுக்கொண்டிருந்தது. பிப்ரவரி 11-ல் டெல்லியில் இறந்துபோனார். அந்தப் பத்துப் பேரிடம் எந்தக் குறையும் இல்லை, எதையும் தவறாகச் செய்யவில்லை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சமயம் மலை எடுத்துக்கொள்ளும். உங்கள் அம்மா பயப்படுவது இதைத்தான். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று அவரிடம் சொல்லாதீர்கள். ஆகும். அது தெரிந்துதான் போகிறேன் என்று சொல்லுங்கள்.

அடுத்து, மெக்கானிக்கல் படித்த உங்கள் கைக்குப் பொருந்தக்கூடிய ஒரு வேலை. பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை. ராணுவம் முழுக்க அவர்களைத் "தம்பி" என்றுதான் கூப்பிடும். வடக்கே இருந்து வந்த அதிகாரிகூட அந்தத் தமிழ்ச் சொல்லால்தான் அழைப்பார். பாலம் போடுவது, சாலை அமைப்பது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. இதில் கண்ணிவெடி எடுப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். குப்புறப் படுத்துக்கொண்டு, கையில் ஒரு குத்துக்கம்பி. மண்ணில் சாய்வாக மெல்லச் செலுத்த வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்திவிடும். எதுவும் தட்டவில்லையா, சில அங்குலம் தள்ளி அடுத்த குத்து. மறுபடியும். வெயிலில் மணிக்கணக்காக. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு மேற்கு எல்லை நெடுக வெடிகளைப் புதைத்தார்கள். போரே நடக்காமல், அவற்றைப் புதைக்கும்போதும் எடுக்கும்போதும் காலும் உயிரும் போனவர்கள் பலர். மணல் நகரும், மழையில் மண் அரிக்கும், வைத்த இடத்தில் வெடி இருக்காது.

இந்தப் படையில்தான் சுபேதார் சுப்ரமணியன் இருந்தார். இரண்டாம் உலகப் போர், 1944 பிப்ரவரி 24, இத்தாலியின் மிக்னானோ. வெடிகளை அகற்றி வழி ஏற்படுத்திக்கொண்டிருந்த குழுவில் ஒருவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். அந்த வகை வெடி மிதித்த உடனே வெடிக்காது. சில விநாடிகள் எடுக்கும். அந்த விநாடிகளில் சுப்ரமணியன் ஓடவில்லை. அதன்மேல் விழுந்து தன் உடம்பால் மூடினார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். பிரிட்டனின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் அவர் மறைவுக்குப் பிறகு அவருக்குக் கொடுக்கப்பட்டது. நம் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று நினைத்தால் எனக்கு மனது வலிக்கும்.

சாப்பருக்கு வேண்டியது வேகம் அல்ல. சலிப்பே தெரியாத பொறுமை. ஆயிரமாவது முறை குத்தும்போதும் முதல் முறை குத்திய அதே கவனம். வேகமாக ஓடுகிற, எதையும் சட்டென்று முடிக்கத் துடிக்கிற பையன் இங்கே ஆபத்தானவன். உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று கல்லூரிப் பட்டறையிலேயே தெரிந்திருக்கும். அரம் போட்டு ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக்கச் சொன்னபோது கடைசிவரை நின்று செய்தீர்களா, பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டீர்களா?

நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றியும் ஒன்று. கடற்படையில் இது விருப்பப்பட்டுப் போவது. எனக்கு நேரடி அனுபவம் இல்லை, அதில் இருந்தவர்களோடு பழகியிருக்கிறேன். வாரக்கணக்கில் சூரியன் கிடையாது. வீட்டோடு பேச்சு கிடையாது. குளிக்கத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்காது. ஒருவர் தும்மினால் எல்லோருக்கும் சளி. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கிறதே, உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்புவது அங்கிருந்துதான். செய்தி ஒருவழிப் பாதை. உள்ளே இருப்பவர் கேட்கலாம், பதில் அனுப்பினால் இருக்கும் இடம் வெளியே தெரிந்துவிடும். வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் கரைக்கு வந்தபிறகுதான் பல சமயம் தெரியும். அப்பா இல்லாத வீட்டில் ஒரே பிள்ளையாக இருந்தால் இந்த வேலையைப் பற்றி அம்மாவோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் யோசிக்க வேண்டும். 2013 ஆகஸ்ட் 14-ல் மும்பைத் துறைமுகத்திலேயே சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்ததை மறந்துவிடக் கூடாது.

மாமா சொன்ன கிளார்க் வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள். ஒரு ஜவான் இறந்தால் அவன் மனைவிக்குப் பணம் போய்ச் சேருவதும், பிள்ளையின் பெயர் காகிதத்தில் சரியாக இருப்பதும் ஒரு நல்ல கிளார்க்கின் கையில்தான் இருக்கிறது. ஆனால் ஆபத்துக்குப் பயந்து அதை எடுக்காதீர்கள். கிளார்க்கும் பட்டாலியனோடுதான் போவார்.

இப்போது கணக்கு. இதைக் கடினமான பணிகளின் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. அக்னிவீராக நான்கு வருடம். முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போகும், கையில் 21,000. நான்காம் வருடம் 40,000, கையில் 28,000. கஷ்டமான இடங்களுக்கான படிகள் தனி. நான்கு வருடம் முடிந்து வெளியே வரும்போது அந்தச் சேமிப்பும், அரசு போடும் சம பங்கும், வட்டியும் சேர்ந்து சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும், வருமான வரி இல்லை. ஓய்வூதியம் இல்லை. 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். அதாவது உங்களோடு பயிற்சியில் நிற்கும் நான்கு பேரில் மூன்று பேர் 23, 24 வயதில் பெட்டியோடு ஊர் திரும்புவார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கு ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனாலும் திரும்பி வருகிற அந்த மூன்று பேரில் ஒருவராக நான் இருந்தால் என்ன செய்வேன் என்று இப்போதே பதில் வைத்திருக்க வேண்டும். ஆகவே டிப்ளமோவை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கடைசி வருடத்தை விட்டுவிட்டு ஓட்டப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. சான்றிதழ் இருந்தால் டெக்னிக்கல் பிரிவு உங்களுக்குத் திறக்கும். திரும்பி வந்தாலும் ஒரு பட்டறையில் கௌரவமாக நிற்கலாம்.

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் உடம்பைப் பார்த்துவிடுங்கள். ராணுவத் தேர்வில் மருத்துவப் பரிசோதனை மேசையில் நான் நின்றிருக்கிறேன். ஒரு வருடம் ஓடிப் பழகி, எல்லாவற்றிலும் தேறி, கடைசியில் நிறக்குருடு என்று தெரிந்து, சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தட்டைப் பாதம், முட்டி இடிப்பது, காலில் நரம்புச் சுருள், விதைப்பையில் வீக்கம், காதில் சீழ், சொத்தைப் பற்கள். இவற்றில் சிலவற்றைச் சிகிச்சையில் சரிசெய்துவிடலாம், சிலவற்றை முடியாது. முன்னாலேயே தெரிந்தால் ஒரு வருடம் மிச்சம். பச்சை குத்திக்கொள்ளாதீர்கள். "நான் உள்ளே பேசி வேலை வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கிறவன் யாராக இருந்தாலும் அவன் ஏமாற்றுக்காரன். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஓட்டத்துக்கு முன் ஊசியோ மாத்திரையோ கொடுக்கிறேன் என்று மைதானத்தில் எவனாவது வந்தால் அங்கிருந்து போய்விடுங்கள்.

உங்கள் நேரத்தைப் பற்றி. 5 நிமிடம் 50 விநாடியிலிருந்து 20 விநாடி குறைத்து, முழு மதிப்பெண் தரும் 5.30-க்குள் வருவது மூன்று, நான்கு மாதத்தில் முடிகிற காரியம். தினமும் முழு வேகத்தில் ஓடி அது வராது. வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டரைத் துண்டு துண்டாக வேகமாக, இரண்டு நாள் மெதுவாக நீண்ட தூரம், ஒரு நாள் முழு ஓய்வு. தார் ரோட்டில் வேண்டாம், மண்ணில் ஓடுங்கள்.

ஆனால் இதையெல்லாம் இப்போது தொடங்கக் கூடாது. முதலில் அந்தக் கால்.

முன்னெலும்பில் வலி இரண்டு வகை. எலும்பின் ஓரம் நெடுக பரவலாக வலித்து, ஓடி முடித்ததும் குறைந்தால் பெரும்பாலும் அது எலும்பை ஒட்டிய தசையும் எலும்பின் மேலுறையும் இழுபட்டதால் வரும் வலி. ஓய்வில் சரியாகும். ஆனால் ஒரு விரல் வைத்து "இதோ இங்கேதான்" என்று காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தாலோ, இரவில் படுக்கும்போதும் வலித்தாலோ, அந்தக் காலால் ஒற்றைக் காலில் குதிக்க முடியாமல் இருந்தாலோ, எலும்பில் மெல்லிய விரிசல் விட்டிருக்கலாம். புதிதாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இது சகஜம். முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ஆகவே "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று சொன்னாலும், வலி தொடர்ந்தால் மறுபடியும் போய்க் காட்ட வேண்டும். விரிசல் என்றால் ஆறிலிருந்து எட்டு வாரம் ஓட்டம் இல்லை. அந்த நாட்களில் நீந்தலாம், புல்-அப்ஸ் எடுக்கலாம், எழுத்துத் தேர்வுக்குக் கணக்குப் போடலாம். அதைத் தாங்கிக்கொண்டு ஓடினால் விரிசல் முறிவாகும். முறிந்த எலும்புக்குக் கம்பி வைத்துவிட்டால் ராணுவம் என்ற பேச்சே கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

வலியைத் தாங்க முடியாதவன் ராணுவத்துக்குப் போய் என்ன பிரயோஜனம் என்று கேட்டிருந்தீர்கள். தாங்க வேண்டிய வலி நிறைய வரும். எது தாங்க வேண்டியது, எது சொல்ல வேண்டியது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவனைத்தான் கயிற்றில் தனக்கு அடுத்த ஆளாகக் கட்டிக்கொள்ள மற்றவர்கள் விரும்புவார்கள். பனியாற்றில் ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டுதான் நடப்போம். முன்னால் போகிறவனின் கால் மரத்துப்போயிருக்கிறது என்பது பின்னால் வருகிற எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்தத் திங்கட்கிழமை காலையில் தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போய் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தனியாகப் போக வேண்டாம், அம்மாவையும் கூட்டிப்போங்கள். வலி எத்தனை நாளாக இருக்கிறது என்பதை அவர் முன்னாலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் திட்டுவார், திட்டட்டும். திரும்பி வரும் பஸ்ஸில் ராணுவத்தைப் பற்றிப் பேச்சை எடுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அப்புறம் ஓட்ட அட்டவணையை இருவரும் சேர்ந்து போடலாம்.